உட்கார வைத்த ஆள்

டக்கக்காவை எண்ணிக்கையில் ஏமாற்ற முடியாது. பணிமனையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், சிலர் பெருமையாக, பலர் எரிச்சலாக.

புறநகர் ரயிலும் பேருந்தும் ஒரே கழகத்தின் கீழ் ஓடிய ஊர் அது. ஏறுகிற, இறங்குகிற தலைகளை எண்ணுவதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. அக்காவுக்கு அதில் பத்தொன்பது வருடம். கதவைப் பார்த்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்திருப்பாள். வலது கையில் ஓர் எண்ணும் டப்பா, இடது கையில் இன்னொன்று. ஒருவர் ஏறினால் வலது கட்டைவிரல் டக். ஒருவர் இறங்கினால் இடது கட்டைவிரல் டக். அந்தச் சத்தமே பெயராக ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

பயணம் முடிந்ததும் இரண்டு டப்பாவிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஓடுகிற வண்டிக்குள் மனுஷன் கரைந்து போய்விட மாட்டான் இல்லையா. ஆனால் எண்ணுகிறவரும் மனுஷர்தான். ஒரு தும்மல் வரும், ஒரு குழந்தை அம்மாவின் இடுப்பில் மறைந்துவிடும், கணக்கில் ஒன்று குறையும். அதற்கு அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. "ஒரு ஆளை உட்கார வை" என்பார்கள். கூட்டமான ஏதோ ஒரு நிறுத்தத்தில் ஓர் ஆள் ஏறியதாக எழுதிவிட்டால் தாள் சரியாகிவிடும். மேற்பார்வையாளருக்கும் தெரியும், அவரும் அந்தக் காலத்தில் எத்தனையோ பேரை உட்கார வைத்தவர்தான்.

அக்கா மட்டும் ஒருத்தரைக்கூட உட்கார வைத்ததில்லை. கணக்கு இடித்தால் "பிழை: ஒன்று" என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொள்வாள். ஏன் இந்த வீம்பு என்று கேட்டால் முறைப்பாள்.

"இல்லாத ஆளை ஏத்திவிடுறீங்களே, அவன் எங்க இறங்குவான்? அதை யாராவது யோசிச்சீங்களா?"

சிரிப்பார்கள். அக்காவுக்குக் கிறுக்கு என்று முடிவு கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அப்பேர்ப்பட்டவள் ஓர் ஆளை உட்கார வைத்த கதைதான் இது.

அக்காவுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் அவளுடைய அண்ணன். ஊருக்குக் குடிநீர் அனுப்பிய பம்ப் ஹவுஸில் இயந்திரம் ஓட்டியவர். அப்பா போன பிறகு, தனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று தங்கையைப் படிக்க வைத்தார். தங்கையும் கடைசியில் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது வேறு கதை. பம்ப் ஹவுஸை மூடி ஏழு வருடமாகிறது. அதைச் சுற்றியிருந்த பன்னிரண்டு குடியிருப்புகளில் பதினொன்று காலி. பன்னிரண்டாவதில் அண்ணன் இருந்தார். சர்க்கரை நோய் முதலில் கண்ணைப் பிடித்தது, பிறகு சிறுநீரகத்தை. வெளிச்சமும் நிழலும் தெரியும், முகம் தெரியாது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ். காலை ஏழு இருபத்தைந்துக்கு அக்காவின் பேருந்திலேயே ஏறி, ரயில் நிலையத்தில் இறங்கி, மூன்று நிலையம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போவார். ஒரு தடவை தவறினால் உடம்பு வீங்கும். இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

என்னோடு வந்து இரு என்று அக்கா கூப்பிடாமல் இல்லை. அவள் இருந்தது பேருந்துத் தடத்தின் கடைசி நிறுத்தத்தில், கண்ணாடித் தொழிற்சாலைக்கு எதிரில், மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. லிஃப்ட் கிடையாது. டயாலிசிஸ் முடிந்து வரும் அண்ணனால் மூன்று படி ஏறுவதே பெரும்பாடு.

இந்த நிலையில்தான் கழகத்தில் அந்தச் சுற்றறிக்கை வந்தது. ஐந்து வாரம் கணக்கெடுப்பு. சந்தேகப் பட்டியலில் உள்ள நிறுத்தங்களில் வேலை நாளுக்குச் சராசரி ஒருவராவது ஏற வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்தம் ரத்து, வண்டி நெடுஞ்சாலையிலேயே நேராகப் போய் ஒன்பது நிமிஷம் மிச்சப்படுத்தும். பட்டியலில் முதல் பெயர் பம்ப் ஹவுஸ். அங்கே ஏறுகிறவர் ஒரே ஒருவர், அவரும் வாரத்தில் மூன்று நாள். அக்காவுக்குக் கணக்குப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை. வாரத்துக்கு இரண்டு பேர் குறைந்தது.

விஷயம் கேள்விப்பட்டதும் அண்ணன் முதல் செவ்வாய்க்கிழமையே நிறுத்தத்துக்கு வந்து நின்றார். முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது, கம்பத்தைப் பிடித்தபடி ஆடிக்கொண்டிருந்தார்.

"ஏறிடறேன் பாப்பா. ஒரு ஆளு கணக்கு வரும்ல," என்றார். ஐம்பத்தோரு வயதுத் தங்கை அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"கணக்கை நான் பாத்துக்கறேன். நீ போய்ப் படு அண்ணே," என்றாள் அக்கா. கதவு மூடியது.

அவர் ஏறவில்லை. ஆனால் அக்காவின் வலது கட்டைவிரல் அழுந்தியது. டக். பிறகு தாளை எடுத்து ஒரு வரி எழுதினாள். சந்தேகப் பட்டியல் நிறுத்தங்களுக்கு வெறும் எண் போதாது, ஆளுக்கு ஒரு வரி நிரப்ப வேண்டும். ஆண். வயது: 46 முதல் 60. சாமான்: பை ஒன்று. பயண நோக்கம் என்ற கட்டத்தில் வேலை, படிப்பு, மருத்துவம், மற்றவை என்று நான்கு இருந்தன. மற்றவை. இறங்குமிடம் ரயில் நிலையம், அங்கேதான் கூட்டம் அதிகம், யாரும் கவனிக்க மாட்டார்கள். சீட்டு வகையில் அண்ணனுக்கு எழுதிப் பழகிய கை, ரயிலுக்கும் செல்லும் தொடர் சீட்டு என்று எழுதிவிட்டது. எழுதிய பிறகுதான் பார்த்தாள். அடித்தால் அசிங்கமாகத் தெரியும் என்று விட்டுவிட்டாள். ரயில் நிலையம் வந்ததும் இடது கையில் ஒன்று கூட்டி அழுத்தினாள். தாள் சரியாக வந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் பொய். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை அவ்வளவு கஷ்டமாக இல்லை. பொய் அப்படித்தான், இரண்டாவது தடவை செருப்பைக் கழற்றாமலேயே வீட்டுக்குள் வந்துவிடும்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை. பம்ப் ஹவுஸ் நிறுத்தத்தில் ஆளில்லை என்றால் ஓட்டுநர் பையன் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவான், அதுதான் வழக்கம். அன்று வண்டியை ஓரங்கட்டினான். கதவைத் திறந்தான். வெளியே கம்பமும், கம்பத்தைச் சுற்றிய புல்லும், பூட்டிய பதினொரு வீடும். ஓர் ஆள் ஏறி உள்ளே நகர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்து கதவை மூடினான்.

"யாருமே இல்லையே தம்பி. எதுக்கு நிறுத்துனே?"

"கை காட்டினாரேக்கா."

"யாரு?"

கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "ஏறினாரே, அவருதான். நீங்கதான் டக்குன்னு அழுத்தினீங்களே."

அழுத்தியிருந்தாள். அது எழுதுவதற்காக என்று சொல்ல முடியுமா? ஆனால் இன்னொன்றையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பழைய பேருந்து அது. யாராவது படியில் கால் வைத்தால் வண்டி அந்தப் பக்கம் லேசாகத் தாழும். கண்ணை மூடிக்கொண்டே எண்ணுமளவுக்கு அந்த அசைவு அவள் இடுப்புக்குப் பழக்கம். கட்டைவிரல் அழுந்துவதற்குச் சற்று முன்னால் வண்டி தாழ்ந்திருந்தது.

டயர் பள்ளத்தில் இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அங்கே பள்ளம் எதுவும் இல்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

மூன்றாவது வாரம், ரயில் நிலைய கேன்டீனில் நெட்டையன் அவளைப் பிடித்துக்கொண்டான். எட்டு மணி ரயிலின் மூன்றாவது பெட்டியில் எண்ணுகிறவன், ஆறடிக்கு மேல் உயரம், பேச்சும் அதே நீளம். பேருந்திலிருந்து தொடர் சீட்டோடு எத்தனை பேர் வந்தார்கள் என்ற துண்டுத்தாள் அவனிடம்தான் போகும். அவன் எண்ணிக்கையும் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க செவ்வாய், வியாழன் தாள்ல வர்ற ஒரு ஆளு ரயில்ல ஏறவே மாட்டேங்குறாரு."

டீ டம்ளர் அக்கா கையில் நின்றுவிட்டது.

"நீங்க தப்பா எண்ண மாட்டீங்க, அது ஊருக்கே தெரியும். அப்போ தப்பு என்னோடதுதான். அதான் அவரை என் பெட்டியில உட்கார வச்சிட்டேன்."

"எங்க இறக்கினே?"

"கடைசி ஸ்டேஷன்ல, சரக்குக் கொட்டகை கிட்ட. அங்க இறங்குறவங்களை யாரும் சரிபார்க்க மாட்டாங்க." காலரைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் குனிந்தான். "ஆனா பாருங்க, போன வியாழன் உட்கார வைக்க வேண்டி வரல. கணக்கு தானாவே சரியா வந்துச்சு. நீங்க வேணா பாருங்க, இனிமே பிரச்சினை இருக்காது."

அவனுக்கு அது நல்ல செய்தி. அக்கா டீயைக் குடிக்காமலேயே எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவர் அவர். அரை டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உற்சாகமாக இருந்தார். ஏழு வருடத்தில் அவரை அப்படி அவள் பார்த்ததில்லை.

"நிறுத்தத்துல எனக்கு ஒரு சிநேகிதர் கிடைச்சிருக்காரு பாப்பா."

அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"செவ்வா, வியாழன்ல காலையில நடந்து போய் கொஞ்ச நேரம் அவரோட உட்கார்ந்துட்டு, வண்டி வர்றதுக்குள்ள திரும்பிடுவேன். நீ பாத்தா திட்டுவியே. முகம் தெரியல, ஆளு நிக்கிறது தெரியுது. கையில ஒரு பை. அதுல ஒண்ணுமே இல்ல போல, காத்துல ஆடுது. நல்ல மனுஷன், ஆனா பேச்சு கொஞ்சம் ஒரு மாதிரி. வயசு என்னங்கன்னு கேட்டேன். நாப்பத்தாறுல இருந்து அறுபதுன்னாரு."

அவள் தாளில் எழுதியிருந்த அதே வரி.

"எங்க போறீங்கன்னேன். மற்றவைன்னாரு." அண்ணன் சிரித்தார். "தமாஷ் பேர்வழி. பேரு கேட்டேன். அதை யாரும் எழுதலையேன்னாரு."

"அப்புறம்?" என்றாள் அக்கா.

"திரும்பி எப்ப வருவீங்கன்னு கேட்டேன். அப்பத்தான் அவரு சிரிக்கல. அதையும் எழுதலைங்கன்னாரு. பாவமா இருந்துச்சு பாப்பா."

அன்று இரவு அக்கா தூங்கவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை காலையில் போகிறவன். மாலை வண்டியில் எண்ணுவது வேறொருவர், அதனால் அவன் திரும்பி வருவதாக அவள் ஒரு நாளும் எழுதவில்லை, எழுதத் தோன்றவும் இல்லை. அவனைப் போக மட்டும்தான் விட்டிருக்கிறாள். இல்லாத ஆள் எங்கே இறங்குவான் என்று பத்தொன்பது வருடம் எல்லோரையும் கேட்டவள், தன் முறை வந்தபோது கேட்க மறந்துவிட்டாள்.

இதோடு போதும் என்று தீர்மானித்தாள். நிறுத்தம் போனால் போகட்டும், அண்ணனைத் தோளில் சுமந்தாவது மூன்று மாடி ஏற்றுவோம். ஐந்தாவது வாரச் செவ்வாய்க்கிழமை பம்ப் ஹவுஸில் கட்டைவிரலை டப்பாவிலிருந்து எடுத்து முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள். வண்டி நின்றது, கதவு திறந்தது, வண்டி தாழ்ந்தது, கதவு மூடியது. அவள் அழுத்தவில்லை, எழுதவும் இல்லை.

ரயில் நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு டப்பாக்களைப் பார்த்தாள். வலதில் இருபத்தாறு. இடதில் இருபத்தேழு.

யோசித்துப் பாருங்கள், எப்பேர்ப்பட்ட இக்கட்டு. இறங்கியவர்களை அவள் ஒழுங்காக எண்ணியிருந்தாள். அவள் எண்ணியது தப்பாது. இருபத்தேழு பேர் இறங்கினால் இருபத்தேழு பேர் ஏறியிருக்க வேண்டும். இப்போது எழுதாமல் விடுவதுதான் பொய். அக்கா தாளை எடுத்தாள். ஆண், 46 முதல் 60, பை ஒன்று, மற்றவை. எழுத்து அழகாகவே விழுந்தது.

கணக்கெடுப்பின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அது அண்ணனின் நாள், அந்த ஆளின் நாள் அல்ல. ஆனாலும் பம்ப் ஹவுஸில் வண்டி இரண்டு தடவை தாழ்ந்தது. முதலில் அண்ணன் ஏறினார். அடுத்து ஏறியவருக்காக ஒதுங்கி, ஜன்னலோர இடத்தை விட்டு உட்கார்ந்தார். வழியெல்லாம் அந்தப் பக்கம் திரும்பித் தலையாட்டிக்கொண்டே வந்தார். ரயில் நிலையத்தில் இறங்கும்போது அக்கா பார்த்தாள். கண் தெரியாதவர்கள் வழிகாட்டுகிறவரின் முழங்கையைப் பிடிப்பார்களே, அப்படி அவர் கை எதையோ பிடித்திருந்தது. பிடித்த இடத்தில் ஒன்றுமில்லை. அண்ணன் தடுமாறாமல், தூணில் இடிக்காமல், கூட்டத்தை வளைத்துக்கொண்டு நேராக ரயில் மேடைக்கு நடந்தார்.

கூப்பிட்டிருக்கலாம். அவளுடைய அடுத்த பேருந்து, எட்டு இருபது, தயாராக நின்றது, நெட்டையனுக்குத் துண்டுத்தாளைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் பிறகு தன்னையே ரொம்ப நாள் வைதாள்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கூப்பிட்டாள். "உங்க அண்ணன் இன்னும் வரலையேம்மா. மெஷின் காலியா நிக்குது."

அக்கா பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். எங்கே போக வேண்டும் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. நெட்டையன் அந்த ஆளை எங்கே இறக்கினானோ அங்கேதான்.

சரக்குக் கொட்டகை நிலையத்தில் ஒரே ஒரு மேடை. கடைசிக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அண்ணன் அதில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது, இடது கை பக்கத்து இடத்தின்மேல் இருந்தது.

"என்னண்ணே இது?" அக்காவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஆஸ்பத்திரியை விட்டுட்டு இங்க வந்து உட்கார்ந்திருக்கியே. உனக்கு ஏதாவது ஆனா நான் என்ன பண்ணுவேன்?"

"கோவப்படாதே பாப்பா. இவரு எப்பவும் இங்கதான் இறங்குறாராம். இறங்கினப்புறம் எங்க போறதுன்னு தெரியலையாம். ஒவ்வொரு தடவையும் இறங்கி இறங்கி இங்கேயே நிக்கிறாரு. தனியா விட்டுட்டு எப்படி வர்றது? ஒரு தடவை தவறினா ஒண்ணும் ஆகாது."

அதுதான் அண்ணன். தங்கைக்காக ஒரு வாழ்க்கையை விட்டுக்கொடுத்தவருக்கு, முகம் தெரியாத ஒருவருக்காக ஒரு டயாலிசிஸ் பெரிதா என்ன? வா போகலாம் என்று எத்தனை இழுத்தும் எழுந்திருக்கவில்லை. அக்கா அவர் கைக்குக் கீழே இருந்த காலி இடத்தைப் பார்த்தாள். பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது.

"நான்தாங்க எழுதினேன்," என்றாள் அந்த இடத்தைப் பார்த்து. "தப்பு என்னோடதுதான். எங்கண்ணனை விடுங்க. இன்னைக்குச் சாயங்காலம் உங்களுக்குத் திரும்பி வர எழுதுறேன்."

அண்ணன் தலையாட்டினார். "சரிங்கிறாரு," என்று சொல்லி எழுந்தார்.

நர்ஸ் நல்லவள், மத்தியான முறையில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தாள். நான்கு மணி நேரம் அக்கா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் அவ்வளவு கூட்டம், ஆனாலும் அதில் யாரும் உட்காரவில்லை.

ஆறு மணிப் பேருந்தில் எண்ண வேண்டியவரிடம், இன்றைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவர் சந்தோஷமாகத் தாளையும் டப்பாக்களையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் ஓட்டிய பையனே மாலையிலும் ஓட்டினான். ரயில் நிலையத்தில் இருபத்து மூன்று டக். அதில் ஒன்று அண்ணன், ஒன்று அந்த ஆள். வழியில் ஒவ்வொருவராக இறங்கி, பம்ப் ஹவுஸ் வரும்போது வண்டியில் மிச்சம் இரண்டு பேர்தான்.

கதவு திறந்தது. அண்ணன் இறங்கினார், வண்டி நிமிர்ந்தது. டக். அக்கா இரண்டாவது நிமிர்வுக்காகக் காத்திருந்தாள். ஓட்டுநர் பையனும் கதவை மூடாமல் காத்திருந்தான். வண்டி அசையவில்லை.

கீழேயிருந்து அண்ணன் சொன்னார். "என் வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டேன் பாப்பா. மாட்டேங்குறாரு. இங்கே ஏறினதா மட்டும்தான் எழுதியிருக்காம். வீடு இங்கேன்னு யாரும் எழுதலையாம்."

அக்கா பென்சிலை எடுத்தாள். ஐந்து வாரத் தாள்களும் பையில்தான் இருந்தன, நாளைக் காலையில்தான் மேற்பார்வையாளரிடம் போக வேண்டும். அந்த ஆளின் வரிகளை ஒன்றொன்றாக அடித்துவிடலாம். அவன் ஏறவே இல்லை என்றாகிவிடும், வண்டி காலியாகிவிடும். கூடவே இந்த நிறுத்தமும் போய்விடும். வெளியே அண்ணன் கம்பத்தைப் பிடித்தபடி, வண்டி எந்தப் பக்கம் என்று சரியாகத் தெரியாமல், கொஞ்சம் தள்ளிப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். அக்கா பென்சிலைக் காதோரம் செருகினாள்.

"போலாம் தம்பி," என்றாள்.

அதற்கப்புறம் ஒரே ஒரு நிறுத்தம்தான். கண்ணாடித் தொழிற்சாலை. அங்கே வந்ததும் ஓட்டுநர் பையன் விளக்கை அணைத்தான். அக்கா டப்பாக்களைப் பார்த்தாள். வலதில் இருபத்து மூன்று, இடதில் இருபத்து இரண்டு. எண்ணுகிறவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவள் தாளை மடியில் வைத்து எழுதினாள். இறங்கியவர்: ஒன்று. இடது கட்டைவிரலை அழுத்தினாள். பிறகு கீழே இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நின்றாள். அவள் இறங்கியதில் ஒரு தடவை நிமிர்ந்த வண்டி, அவள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தடவை நிமிர்ந்தது.

மூன்று மாடி ஏறினாள். பூட்டைத் திறந்து உள்ளே போனவள் கதவை உடனே சாத்தவில்லை. ஓர் ஆள் ஏறி உள்ளே நகர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சாத்தினாள்.

பம்ப் ஹவுஸ் நிறுத்தம் ரத்தாகவில்லை. சராசரி ஒன்றுக்குக் குறையவில்லை. வண்டி இன்னும் அந்த ஒன்பது நிமிஷத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது, அண்ணன் வாரத்தில் மூன்று நாள் அதில்தான் போய் வருகிறார். செவ்வாய், வியாழனில் அங்கே யாரும் கை காட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா போகும்போதெல்லாம் அண்ணன் மறக்காமல் கேட்பார்.

"அவரு நல்லா இருக்காரா பாப்பா?"

"இருக்காருண்ணே."

"தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"

"இடத்தை அடைக்கிற ஆளா அவரு? ஒரு நாற்காலி, ஒரு ஆணி. பையை ஆணியில மாட்டியிருக்காரு."

ராத்திரிகளில் அவளுக்குப் பயமாக இருந்ததா என்றால், முதல் ஆறு மாதம் இருந்தது. விளக்கை அணைக்காமல் படுத்தாள். நாற்காலியை ஒரு தரம் வெளியே கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். மறுநாள் காலையில் கதவுக்கு வெளியே அது கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் உள்ளே எடுத்துவந்துவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்துக் கழகம் வீடு வீடாக ஒரு பயணிகள் கணக்கெடுப்பு நடத்தியது. எண்ணும் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தாள். அக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள் போலிருக்கிறது, பயபக்தியோடு தாளை விரித்தாள்.

"வீட்டுல எத்தனை பேருங்கம்மா?"

அக்காவின் கட்டைவிரல் இரண்டு தரம் அசைந்தது. "ரெண்டு."

பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி. ஆணியில் தொங்கிய துணிப்பை லேசாக ஆடியது. ஜன்னல் சாத்தியிருந்தது.

"இன்னொருத்தருக்கு வயசு?"

"நாப்பத்தாறுல இருந்து அறுபது."

"வேலைங்களா, இல்ல..."

"மற்றவைன்னு போட்டுக்கோம்மா."

பெண் தயங்கினாள். எண்ணும் பிரிவில் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே உட்கார வைப்பதைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆனால் இந்த அம்மா அப்படிச் செய்ய மாட்டாள் என்றும் சொல்லியிருந்தார்கள். கடைசியில் கேட்டாள். "அவரு பேருங்கம்மா?"

அக்கா தாளைத் தன் பக்கம் திருப்பி, காதோரம் இருந்த பென்சிலை எடுத்து, அந்தக் கட்டத்தில் தானே ஒரு பெயரை எழுதினாள். இரண்டு வருடமாக யோசித்து வைத்திருந்த பெயர். அதன் பக்கத்தில் முகவரி என்று இருந்த கட்டத்தையும் நிரப்பினாள், தன் வீட்டு எண்ணைப் போட்டு, மூன்றாவது மாடி என்று.

பெண் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அக்கா கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள். பிறகு, அடுத்த அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுவதுபோல, அந்தப் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டாள்.

அந்த வீட்டில் அடுத்த அறை கிடையாது. அவளுக்குப் பின்னால், நாற்காலியிலிருந்து யாரோ எழுந்தார்கள்.